காட்டின் கார்பனை எப்படி அளக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்டுக்குள் மரம் அளக்கப் போகும் குழுக்களுக்குப் பயிற்சி கொடுப்பதும், அவர்கள் கொண்டுவரும் அளவுகளைச் சாட்டிலைட் தரவோடு சேர்த்து வரைபடமாக்குவதும் என் வேலை. மாணவர்கள், வன ஊழியர்கள், தன்னார்வலர்கள், கணக்கைச் சரிபார்க்க வருபவர்கள் என்று யார் வந்தாலும் ஏறக்குறைய இதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படிப்பது நல்லது, ஏனென்றால் பின்னால் வரும் பதில்களுக்கு முன்னால் சொன்னவை தேவைப்படும்.

காட்டில் கார்பன் இருக்கிறது என்கிறீர்களே, அது எங்கே இருக்கிறது?

மரத்தின் உடம்பிலேயே இருக்கிறது. இலை காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை இழுத்துச் சர்க்கரையாக்குகிறது. அந்தச் சர்க்கரைதான் பிறகு கட்டையாகவும் பட்டையாகவும் வேராகவும் மாறுகிறது. ஒரு மரத்துண்டிலிருந்து ஈரம் முழுவதையும் போக்கிவிட்டால் மிஞ்சும் எடையில் கிட்டத்தட்ட பாதி கார்பன். காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. நிபுணர் குழுவான ஐபிசிசியின் வழிகாட்டுதல்கள் இதற்குப் பொதுவாகப் பயன்படுத்தச் சொல்லும் எண் 0.47. ஈரம் போன அந்த எடையைத்தான் இந்தத் துறையில் பயோமாஸ் என்கிறோம். கீழே நான் 'உலர் எடை' என்று எழுதும் இடமெல்லாம் அதுதான்.

கணக்கு எழுதும்போது காட்டை ஐந்து பெட்டிகளாகப் பிரிப்பார்கள்: தரைக்கு மேலே உயிரோடு நிற்பது, வேர், பட்டுப்போன மரம், தரையில் விழுந்த சருகு, மண். ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2020-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகக் காடுகள் எல்லாவற்றிலும் சேர்த்து சுமார் 66,200 கோடி டன் கார்பன் இருக்கிறது. அதில் ஏறக்குறைய 44 சதவீதம் உயிருள்ள மரஞ்செடிகளில், 45 சதவீதம் மண்ணில். சாட்டிலைட் பற்றிய பேச்செல்லாம் பெரும்பாலும் முதல் பெட்டியைப் பற்றியது மட்டுமே. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மரத்தை வெட்டாமல் அதன் எடையை எப்படிச் சொல்ல முடியும்?

யாரோ முன்பே வெட்டி எடை போட்டிருக்கிறார்கள். அதுதான் உண்மை. பல நாடுகளில் பல பத்தாண்டுகளாக மரங்களை வெட்டி, தண்டு, கிளை, இலை என்று பிரித்து எடைபோட்டு, ஒவ்வொன்றிலும் மாதிரி எடுத்து அடுப்பில் உலர்த்தி, எவ்வளவு பருமனுக்கு எவ்வளவு உலர் எடை என்று எழுதிவைத்தார்கள். அந்தத் தரவிலிருந்து பிறந்தவைதான் அலோமெட்ரிக் சமன்பாடுகள். வெப்பமண்டலக் காடுகளுக்கு இன்று அதிகம் பயன்படுவது 2014-இல் வந்த சமன்பாடு. 58 இடங்களில் வெட்டி எடைபோட்ட 4,004 மரங்கள் அதன் அடிப்படை.

அதற்கு மூன்று விவரம் கொடுக்க வேண்டும்: தண்டின் விட்டம், மரத்தின் உயரம், கட்டையின் அடர்த்தி. ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். விட்டம் 30 செ.மீ., உயரம் 20 மீட்டர், அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.6 கிராம். அடர்த்தியையும் விட்டத்தின் வர்க்கத்தையும் உயரத்தையும் பெருக்கினால் 10,800. அதை 0.976 என்ற அடுக்குக்கு உயர்த்தி, 0.0673-ஆல் பெருக்கினால் சுமார் 580 கிலோ வருகிறது. இதுதான் தரைக்கு மேலுள்ள உலர் எடை. அதில் 0.47 பங்கு, அதாவது ஏறக்குறைய 270 கிலோ கார்பன்.

1.3 மீட்டர் உயரத்தில்தான் அளக்க வேண்டுமா? டேப்பைச் சுற்றுவதில் இவ்வளவு பயிற்சி எதற்கு?

உலகம் முழுவதும் பெரும்பாலான குழுக்கள் மார்பளவு உயரமான 1.3 மீட்டரில் அளக்கின்றன. அடித்தண்டின் வீக்கத்தைத் தாண்டிய உயரம், நின்றபடியே கை எட்டும் உயரம். எல்லோரும் ஒரே உயரத்தில் எடுத்தால்தான் ஒருவர் அளவை இன்னொருவர் பயன்படுத்த முடியும். சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப்பக்கம் நின்று 1.3 மீட்டரைக் குறிக்க வேண்டும். பலகை வேர் உள்ள மரத்துக்கு அந்தப் பலகை முடியும் இடத்திலிருந்து அரை மீட்டர் மேலே அளக்க வேண்டும். ஏணி இல்லாமல் அது நடக்காது.

பயிற்சி எதற்கு என்றால், சின்னப் பிழை பெரிதாகிவிடும் என்பதற்காக. எடை ஏறக்குறைய விட்டத்தின் வர்க்கத்தோடு சேர்ந்து ஏறுகிறது. மேலே சொன்ன மரத்தில் விட்டத்தை 30-க்குப் பதில் 31 என்று எழுதினால் எடை 6 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ப்ளாட்டில், அதாவது அளக்கத் தேர்ந்த மாதிரி இடத்தில், 94 செ.மீ. சுற்றளவு (விட்டமாகச் சொன்னால் ஏறக்குறைய 30 செ.மீ.) இருக்க வேண்டிய மரத்துக்கு 100 என்று எழுதினேன். தண்டோடு ஒட்டி ஏறியிருந்த ஒரு கொடியின் மேலேயே டேப் போய்விட்டது. பாசி மூடியிருந்ததால் கொடியும் பட்டையும் ஒரே நிறம். கூட வந்த மூத்த அளவையாளர் டேப்புக்குள் விரலை நுழைத்துப் பார்த்து, 'இங்க இடைவெளி இருக்கே' என்றார். கொடியை மெதுவாகத் தூக்கி, அதன் அடியில் டேப்பை விட்டு மறுபடி அளந்தோம். அந்த 6 செ.மீ. அப்படியே போயிருந்தால் அந்த மரத்தின் கணக்கில் 12 சதவீதத்துக்கு மேல், சுமார் 70 கிலோ, இல்லாத எடை ஏறியிருக்கும். இன்றுவரை டேப்பை வைத்ததும் விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்த பிறகுதான் எண்ணைச் சொல்கிறேன்.

உயரத்தை எப்படி எடுக்கிறீர்கள்? உச்சியே தெரியாதே?

ஆமாம், அடர்ந்த காட்டில் உச்சி தெரியும் இடத்தைத் தேடுவதிலேயே பாதி நேரம் போகும். லேசர் கருவியால் தூரத்தையும் கோணத்தையும் எடுத்துக் கணக்கிடுவோம். பக்கவாட்டில் நீண்ட கிளையின் நுனியை உச்சி என்று எடுத்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. அதனால் எல்லா மரத்துக்கும் உயரம் எடுக்காமல், பல அளவுகளிலும் சில மரங்களைத் தேர்ந்து கவனமாக அளந்து, அந்தக் காட்டுக்கென்று விட்டம்–உயரம் உறவு ஒன்றை உருவாக்கிக்கொள்வோம். நூறு மரங்களுக்கு அவசரமாக எடுத்த உயரத்தைவிட இதுவே மேல்.

கார்பன் டன் என்கிறார்கள், கார்பன் டை ஆக்சைடு டன் என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

இல்லை. கார்பன் அணுவின் எடை 12, கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறின் எடை 44. ஆகவே 1 டன் கார்பன் எரிந்து காற்றில் கலந்தால் 3.67 டன் கார்பன் டை ஆக்சைடு. நம் உதாரண மரத்தின் 270 கிலோ கார்பன், கார்பன் டை ஆக்சைடாகச் சொன்னால் சுமார் 1 டன். அறிக்கையில் எந்த அலகு என்று பார்க்காமல் இரண்டு எண்ணை ஒப்பிட்டுச் சண்டை போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உலர் எடையா, கார்பனா, கார்பன் டை ஆக்சைடா என்பதை முதலில் கேளுங்கள்.

காட்டில் உள்ள எல்லா மரத்தையும் அளப்பீர்களா?

முடியாது. மாதிரிக்குச் சில இடங்களைத் தேர்ந்து அங்கே மட்டும் அளப்போம். அந்த இடத்தைத்தான் ப்ளாட் என்கிறோம். சில நூறு சதுர மீட்டரிலிருந்து 1 ஹெக்டேர் வரை இருக்கும். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் 50 ஹெக்டேர் ப்ளாட் ஒன்றை 1980-களின் தொடக்கத்திலிருந்து திரும்பத் திரும்ப அளந்துவருகிறார்கள். 1 செ.மீ. விட்டமுள்ள குச்சி மரம்கூட விடுபடுவதில்லை.

ப்ளாட்டை எங்கே போடுவது என்பதில்தான் நேர்மை சோதிக்கப்படுகிறது. பாதைக்கு அருகில், மரங்கள் நன்றாக இருக்கும் இடத்தில் போட ஆசை வரும். அப்படிப் போட்டால் முழுக் காட்டின் கணக்கும் மேலே போய்விடும். இடத்தைக் குலுக்கல் முறையில் தேர்ந்துவிட்டு, முள்ளோ பள்ளமோ எது வந்தாலும் அங்கேயே போக வேண்டும். எத்தனை ப்ளாட் என்று கேட்டால், காடு எவ்வளவு மாறுபட்டதோ அதற்கேற்ப. மாதிரியால் வரும் பிழையைப் பாதியாக்க வேண்டுமானால் ப்ளாட் எண்ணிக்கையை நான்கு மடங்காக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 48 பெரிய ப்ளாட்களை வைத்து 2018-இல் வந்த ஓர் ஆய்வில், 1 செ.மீ.க்கு மேற்பட்ட மரங்களில் மிகப் பெரிய 1 சதவீதம் மட்டுமே தரைக்கு மேலுள்ள உலர் எடையில் சுமார் பாதியைத் தாங்குவது தெரிந்தது. ப்ளாட் சிறியதாக இருந்தால் ஒரு பெரிய மரம் உள்ளே விழுவதும் விழாததும் கணக்கையே புரட்டிவிடும். எல்லையில் நிற்கும் பெரிய மரம் உள்ளேயா வெளியேயா என்று குழு பத்து நிமிடம் வாதாடினால் அதை நேர விரயம் என்று நினைக்காதீர்கள்.

அப்புறம் சாட்டிலைட் எதற்கு? அது கார்பனை நேரடியாகப் பார்க்குமா?

பார்க்காது. எந்தச் சாட்டிலைட்டும் மரத்தை எடை போடுவதில்லை. ஒளி எவ்வளவு திரும்பி வருகிறது, ரேடார் அலை எப்படிச் சிதறுகிறது, லேசர் துடிப்பு எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்பதைத்தான் பதிவு செய்கிறது. எடையோடு தொடர்புள்ள உயரம், மரங்களின் நெருக்கம், விதானத்தின் (மரத்தலைகள் சேர்ந்த மேல்கூரையின்) அமைப்பு போன்றவற்றை அதிலிருந்து ஊகிக்கிறோம். 2014-இல் ஏவிய ஓசிஓ-2 கார்பன் டை ஆக்சைடை அளக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது காற்றில் உள்ள வாயுவைப் பார்க்கிறது, மரத்தில் உள்ளதை அல்ல.

சாட்டிலைட்டின் பலம் பரப்பு. நாங்கள் ஒரு வருடத்தில் போடும் ப்ளாட்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் காட்டின் மிகச் சிறு பங்குதான். மீதி இடத்தை நிரப்பவும், எங்கே காடு போய்விட்டது என்று உடனே அறியவும் வானத்திலிருந்து பார்த்தே ஆக வேண்டும். லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் சாட்டிலைட் வரிசை 1972-இலிருந்து படம் எடுக்கிறது. 2008-இல் அந்தச் சேமிப்பு முழுவதும் இலவசமானபோது இந்தத் துறையே மாறிவிட்டது. ஒரு காடு எந்த வருடம் அழிந்தது, எந்த வருடம் மறுபடி துளிர்த்தது என்று பின்னோக்கிப் பார்க்க முடிகிறது.

படத்தில் நல்ல பச்சையாகத் தெரிந்தால் கார்பன் அதிகம்தானே?

ஒரு எல்லை வரை. வெட்டவெளியிலிருந்து இளங்காடு வரை பச்சை கூடக் கூட எடையும் கூடும். விதானம் மூடிய பிறகு சாதாரணக் கேமரா பார்ப்பது மேல் இலைகளை மட்டும். பத்து வருடக் காடும் இருநூறு வருடக் காடும் மேலிருந்து ஒரே பச்சையாக இருக்கலாம். இலையின் எடை சொற்பம், கார்பன் தண்டில் இருக்கிறது. இந்த நிலையைத்தான் 'சிக்னல் நிறைவடைந்துவிட்டது' என்கிறோம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

லிடார் என்கிறார்களே, அது என்ன செய்கிறது?

மேலிருந்து லேசர் துடிப்பை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை அளக்கிறது. துடிப்பின் ஒரு பகுதி உச்சி இலையில் பட்டு முதலில் திரும்பும். இடைவெளி வழியாக இறங்கிய பகுதி கிளைகளில் பட்டு வரும். மிஞ்சியது தரையில் பட்டு வரும். 30 மீட்டர் உயரக் காட்டில் உச்சியிலிருந்து வரும் எதிரொலிக்கும் தரையிலிருந்து வரும் எதிரொலிக்கும் நடுவில் 200 நானோ நொடி வித்தியாசம். திரையில் அதை வரைந்தால் மேலே ஒரு மேடு, நடுவில் சின்னச் சின்ன அலைகள், கீழே தரையின் கூர்மையான முகடு என்று காட்டின் குறுக்குவெட்டே கண்முன் நிற்கும். முதல்முறை பார்த்த நாளில் அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாசாவின் ஜெடை என்ற லிடார் கருவி 2018 டிசம்பரில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனது. காட்டை அளக்கவென்றே செய்த கருவி. தரையில் 25 மீட்டர் விட்டமுள்ள வட்டங்களாக அளக்கிறது. ஒரே தடத்தில் 60 மீட்டருக்கு ஒரு வட்டம், தடத்துக்குத் தடம் 600 மீட்டர் இடைவெளி. ஆகவே அதுவும் மாதிரிதான், முழுப்படம் இல்லை. விண்வெளி நிலையத்தின் பாதை காரணமாக 51.6 பாகை அட்சரேகைக்கு அப்பால் வடக்கிலும் தெற்கிலும் பார்க்காது. குளிர்ப்பிரதேச வடக்குக் காடுகளில் பெரும்பகுதி அதன் கண்ணுக்கு எட்டாது. 2018-இலேயே ஏவிய ஐசாட்-2 என்ற லிடார் சாட்டிலைட் அங்கே உதவுகிறது, ஆனால் அது முதலில் பனியை அளக்கச் செய்தது.

சரிவில் லிடாருக்கு ஒரு சிக்கல். 30 பாகைச் சரிவில் 25 மீட்டர் வட்டத்துக்குள்ளேயே தரை சுமார் 14 மீட்டர் ஏறி இறங்குகிறது. தரையின் எதிரொலியும் மரத்தின் எதிரொலியும் ஒன்றோடு ஒன்று கலந்துவிடும். மலைக்காட்டு உயரங்களைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

ரேடார் மேகத்தையும் தாண்டிப் பார்க்குமாமே? அப்படியானால் அதையே வைத்துக்கொள்ளலாமே?

மேகத்தைத் தாண்டும், இரவிலும் பார்க்கும். ஆனால் எந்த அலைநீளம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் சாட்டிலைட் பயன்படுத்தும் சி பேண்ட் அலை 5 செ.மீ. சொச்சம். அது இலையிலும் சிறுகிளையிலும் பட்டே திரும்பிவிடும். சுமார் 24 செ.மீ. நீளமுள்ள எல் பேண்ட் உள்ளே இறங்கிப் பெரிய கிளைகளைத் தொடும். ஆனாலும் ஹெக்டேருக்கு 100 முதல் 150 டன் உலர் எடைக்கு மேல் போனால் வித்தியாசம் காட்டாது. முன்பு சொன்ன நிறைவு இங்கேயும் வருகிறது. செழித்த மழைக்காட்டில் ஹெக்டேருக்கு 300 டன்னுக்கும் மேல் இருப்பது சாதாரணம்.

2025 இந்த விஷயத்தில் முக்கியமான வருடம். ஏப்ரல் 29 அன்று ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் பயோமாஸ் சாட்டிலைட்டை ஏவியது. முதன்முறையாக விண்வெளியிலிருந்து பி பேண்ட், ஏறக்குறைய 70 செ.மீ. அலை. அது இலைகளைக் கடந்து தண்டு வரை போகும். ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கிய நிசார் போனது. எல் பேண்ட், எஸ் பேண்ட் இரண்டும் அதில் உண்டு. 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்பும். பயோமாஸுக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. விண்வெளிப் பொருட்களைக் கண்காணிக்கும் ராணுவ ரேடார்களோடு மோதாமலிருக்க, வட அமெரிக்கா, ஐரோப்பா மேல் அது அளப்பதில்லை. அதன் முக்கிய வேலை வெப்பமண்டலத்தில் என்பதால் நஷ்டம் குறைவு.

மழை பெய்து இலையும் மண்ணும் நனைந்திருந்தால் ரேடார் சிக்னல் மாறும். ஒரே ஒரு நாள் படத்தை வைத்து எடை சொல்பவரை நம்பாதீர்கள்.

களத்தில் எடுத்ததையும் சாட்டிலைட் எடுத்ததையும் எப்படிச் சேர்க்கிறீர்கள்?

ப்ளாட்டில் டேப்பால் அளந்து கணக்கிட்ட உலர் எடை ஒரு பக்கம். அதே இடத்துக்கு லிடார் சொல்லும் உயரம், ரேடார் சிதறல், ஒளிப்படத்தின் நிறங்கள் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் உள்ள உறவைக் கணினி மாடல் கற்றுக்கொள்கிறது. பிறகு ப்ளாட் இல்லாத இடங்களுக்கும் சாட்டிலைட் மதிப்புகளை மட்டும் கொடுத்து எடையைக் கேட்கிறோம். மாடலுக்கு எடை என்றால் என்ன என்று சொல்லிக்கொடுப்பது டேப் பிடித்த கை. நான் எழுதியிருந்த அந்தப் பொய்யான 70 கிலோ போன்ற பிழைகள் ஒரே திசையில் சேர்ந்தால், மாடல் அதையே உண்மை என்று படித்து லட்சக்கணக்கான ஹெக்டேருக்குப் பரப்பிவிடும்.

இடம் பொருந்துவது பெரிய தலைவலி. அடர்ந்த விதானத்துக்குக் கீழே சாதாரண ஜிபிஎஸ் 10 மீட்டர் தள்ளிக் காட்டுவது சகஜம். 25 மீட்டர் வட்டம் 10 மீட்டர் நகர்ந்தால் ப்ளாட்டும் லிடார் வட்டமும் பாதிதான் ஒன்றின்மேல் ஒன்று விழும். அதனால்தான் ப்ளாட் மூலையில் கருவியை வைத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருக்கச் சொல்கிறோம். காலமும் பொருந்த வேண்டும். 2012-இல் அளந்த ப்ளாட்டை 2020 படத்தோடு சேர்க்கும் முன் நடுவில் தீயோ வெட்டோ நடந்ததா என்று பார்க்க வேண்டும்.

எங்கள் மாடல் 90 சதவீதம் துல்லியம் என்று வருகிறது. போதும்தானே?

எப்படிச் சோதித்தீர்கள் என்று முதலில் பாருங்கள். ப்ளாட்களைக் கலைத்துப் பாதியில் கற்பித்து, பாதியில் சோதிப்பது வழக்கம். ஆனால் பக்கத்துப் பக்கத்து ப்ளாட்கள் ஒன்றைப் போல் ஒன்று இருக்கும். சோதனைத் தாளில் உள்ள கேள்வியைப் பாடத்திலேயே சொல்லிக்கொடுத்தது போல் ஆகிவிடும். ஒரு பகுதியை முழுதாக மறைத்துவைத்து, அங்கே மாடல் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 90 என்ற எண் பல சமயம் வெகுவாக இறங்கிவிடும்.

இன்னொரு பழக்கமும் இந்த மாடல்களுக்கு உண்டு. கனத்த காட்டைக் குறைத்துச் சொல்லும், மெலிந்த காட்டைக் கூட்டிச் சொல்லும். எல்லாவற்றையும் சராசரியை நோக்கி இழுக்கும். ஆகவே வரைபடத்தின் பிக்சல்களை வெறுமனே கூட்டி 'மொத்தக் கார்பன்' என்று எழுதாதீர்கள். குலுக்கலில் தேர்ந்த ப்ளாட்களை வைத்து அந்தச் சாய்வைத் திருத்திய பிறகே மொத்தத்தைச் சொல்ல வேண்டும்.

ஒரே காட்டுக்கு இரண்டு வரைபடம் வேறு வேறு எண் சொல்கிறதே? எது சரி?

இது எல்லா வகுப்பிலும் வரும். 2011-இலும் 2012-இலும் வெப்பமண்டலக் காடுகளுக்கு இரண்டு பெரிய வரைபடங்கள் வந்தன. இரண்டும் பழைய ஐசாட்டின் லிடார் தரவைப் பயன்படுத்தியவை. அப்படியும் எந்தப் பகுதியில் கார்பன் அதிகம் என்பதில் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. ஒரே கருவி, வேறு வேறு களத்தரவு, வேறு வேறு சமன்பாடு. அவ்வளவு போதும் பதில் மாற.

எது சரி என்று கேட்பதற்கு முன் இரண்டும் எதை அளந்தன என்று பாருங்கள். வேர் சேர்ந்ததா? எந்த வருடம்? எத்தனை விட்டத்துக்கு மேற்பட்ட மரங்கள்? பிக்சல் 100 மீட்டரா, 1 கிலோமீட்டரா? இவற்றைச் சமன்செய்த பிறகும் வித்தியாசம் மிஞ்சினால், உங்கள் காட்டுக்கு அருகில் எந்த வரைபடம் ப்ளாட் வைத்திருக்கிறதோ அதன் பக்கம் நான் சாய்வேன்.

உயரமும் பருமனும் ஒன்றுதான், ஆனால் வேறு மரம். கார்பனும் ஒன்றுதானே?

இல்லை. பால்சா மரக் கட்டையின் அடர்த்தி 0.15 அளவில் இருக்கும். தேக்கு 0.6-ஐ ஒட்டி. கருங்காலி வகைகள் சில 1-ஐத் தாண்டித் தண்ணீரில் மூழ்கும். வேகமாக வளரும் மரம் பெரும்பாலும் லேசான கட்டையைப் போடும். வானத்திலிருந்து எந்தச் சாட்டிலைட்டும் இந்த அடர்த்தியைப் பார்ப்பதில்லை. அதைத் தெரிந்துகொள்ள மரத்தின் பெயர் தெரிய வேண்டும். இலை பறித்துப் பெயர் சொல்லும் தாவர அறிஞரும் உள்ளூர் வழிகாட்டியும் குழுவில் இல்லாவிட்டால் டேப் மட்டும் இருந்து பயனில்லை. செலவைக் குறைக்க முதலில் இவர்களைத்தான் நீக்குகிறார்கள். அது மிகப் பெரிய தவறு.

வேரும் மண்ணும்? அவற்றை யார் பார்க்கிறார்கள்?

வேரைத் தோண்டுவது அரிது. மேலே உள்ளதில் இத்தனை பங்கு என்று எடுத்துக்கொள்வார்கள். பல காடுகளுக்கு அது 20 முதல் 30 சதவீதம் வரை இருக்கும்.

மண்ணுக்கு உருளையால் மாதிரி எடுக்க வேண்டும். வழக்கமாக 30 செ.மீ. ஆழம். அந்த மண்ணின் உலர் எடை, அதில் கார்பன் எத்தனை சதவீதம் என்ற இரண்டும் வேண்டும். சதவீதத்தை மட்டும் ஆய்வகத்தில் பார்த்துவிட்டு எடையை எடுக்காமல் வரும் குழுக்கள் உண்டு. அந்த மாதிரியை வைத்து ஹெக்டேருக்கு எவ்வளவு என்று சொல்லவே முடியாது. அலையாத்திக் காட்டிலும் சதுப்பு நிலக் காட்டிலும் கார்பன் வெகு ஆழம் வரை இருப்பதால் 30 செ.மீ. போதாது, குறைந்தது 1 மீட்டர் வேண்டும். இந்த ஆழத்தை எந்தச் சாட்டிலைட்டும் அளக்காது.

போன வருடத்தைவிட இந்த வருடம் எவ்வளவு கூடியது என்று சாட்டிலைட் சொல்லுமா?

அழிந்ததைச் சொல்லும். வளர்ந்ததைச் சொல்வது மிகக் கடினம். நம் உதாரண மரம் வருடத்துக்கு 3 மி.மீ. பருத்தால் எடை 2 சதவீதம் கூடும். கார்பனாக 5 கிலோ. ஒரு பிக்சலில் வரைபடத்தின் பிழை இதைவிடப் பல மடங்கு. இரண்டு வருட வரைபடங்களைக் கழித்துப் பார்த்தால் பெரும்பாலும் கிடைப்பது பிழைகளின் வித்தியாசம்தான். பெரிய பரப்புக்கு, நீண்ட இடைவெளிக்கு, ஒரே முறையில் செய்த வரைபடங்கள் என்றால் கொஞ்சம் நம்பலாம். வருட வளர்ச்சி வேண்டுமானால் அதே மரங்களை அதே இடத்தில் மறுபடி அளப்பதே வழி.

காடு அப்படியே இருக்கிறது, ஆனால் உள்ளே பெரிய மரங்களை மட்டும் வெட்டுகிறார்கள். அது தெரியுமா?

எனக்கு மிகவும் கவலை தருவது இந்தக் கேள்வி. ஒரு பெரிய மரம் போனால் விதானத்தில் ஒரு ஓட்டை விழும். ஓரிரு வருடத்தில் கொடியும் இளமரங்களும் அதை மூடிவிடும். 30 மீட்டர் பிக்சலில் மறுபடி பச்சை. 1 சதவீத மரங்களில் பாதி எடை என்று முன்பு சொன்னதை நினைத்துப் பாருங்கள். 'காட்டுப் பரப்பு குறையவில்லை' என்ற அறிக்கைக்குள்ளேயே கார்பன் பெருமளவு போயிருக்கலாம். அடிக்கடி எடுக்கும் ரேடார் படங்களில் ஓட்டை புதிதாக இருக்கும்போதே பிடிக்க முடியும். வெட்டிய மரத்தை இழுத்த பாதை சில சமயம் காட்டிக்கொடுக்கும். அதற்கு மேல் உள்ளே நடந்து அடிமரங்களை எண்ண வேண்டும்.

ட்ரோனோ போன் ஆப்போ வைத்து நாங்களே செய்யலாமா?

செய்யலாம். ட்ரோன் லிடார் சில நூறு ஹெக்டேருக்கு அருமையானது. வெறும் கேமரா ட்ரோன் அடர்காட்டில் தரையைப் பார்க்காது என்பதால் உயரம் தவறும். போன் ஆப் விட்டத்தை எடுத்தால் முதலில் ஐம்பது மரத்துக்கு டேப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கார்பன் கிரெடிட் விற்பவர் ஹெக்டேருக்கு இத்தனை டன் என்று எண் கொடுத்தார். நம்பலாமா?

அந்த எண்ணோடு பிழையின் எல்லையும் கொடுத்தாரா என்று பாருங்கள். '180 டன்' என்பது பாதி பதில். '180, கூடக் குறைய 25' என்றால் பேசலாம். பிறகு எத்தனை ப்ளாட், எப்படித் தேர்ந்தது, எந்தச் சமன்பாடு, மண் சேர்ந்ததா என்று கேளுங்கள். உலர் எடையா, கார்பனா என்பதும் மறக்கக் கூடாது.

இருப்பைச் சரியாக அளந்திருந்தாலும் கிரெடிட்டின் (காற்றில் சேராமல் தடுத்த கார்பனுக்காக விற்கும் சான்றின்) கணக்கு வேறு. 'இந்தத் திட்டம் இல்லாவிட்டால் இந்தக் காடு எவ்வளவு அழிந்திருக்கும்' என்ற ஊகத்திலிருந்துதான் கிரெடிட் பிறக்கிறது. அந்த ஊகத்தை டேப்பும் அளக்காது, சாட்டிலைட்டும் அளக்காது. இதே போன்ற, ஆனால் திட்டத்தில் சேராத காடுகளில் என்ன நடந்தது என்று ஒப்பிட்டுக் காட்டினார்களா என்று பாருங்கள். காட்டைக் காப்பவர்களுக்குப் பணம் போய்ச் சேர வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அதனால்தான் எண் கறாராக இருக்க வேண்டும் என்கிறேன்.

இவ்வளவு சாட்டிலைட் வந்துவிட்டது. இனி காட்டுக்குள் போக வேண்டிய தேவை இருக்காதல்லவா?

தேவை கூடியிருக்கிறது. புதிய சாட்டிலைட்டுகள் சொல்வது சரியா என்று பார்க்கத் தரமான ப்ளாட்கள் வேண்டும். முக்காலியில் வைக்கும் லேசர் கருவியால் ஒரு மரத்தைச் சுற்றிலும் வருடி, வெட்டாமலேயே தண்டு, கிளைகளின் கன அளவை எடுக்க இப்போது முடிகிறது. பழைய சமன்பாடுகளில் பெரிய மரங்கள் குறைவாக இருந்த குறையை அது சரிசெய்து வருகிறது. அந்தக் கருவியையும் யாராவது தூக்கிக்கொண்டு உள்ளே நடக்க வேண்டும்.

அதனால் ப்ளாட் போடும்போது அடுத்த முறை வருபவரை நினைத்துப் போடுங்கள். மரத்தின் எண் பட்டையை ஆணியடிக்கும்போது அளக்கும் இடத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி அடியுங்கள். ஆணியைச் சுற்றிப் பட்டை வீங்கும். டேப் சுற்றிய இடத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். ஐந்து வருடம் கழித்து வருபவர் அதே கோட்டில்தான் டேப்பை வைக்க வேண்டும்.